மாடு கன்று வீசியது, வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்: சம்பந்தம் உண்டா?

கேள்வி: வாழப்பாடி பக்கம் கறவை மாடு வைத்திருக்கிறோம். போன மாதம் ஒரு மாடு ஏழு மாதச் சினையில் கன்று வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழாததால் என் வீட்டுக்காரரே கையை விட்டு எடுத்தார். இரண்டு வாரமாக அவருக்குச் சாயந்திரமானால் காய்ச்சல், இடுப்புவலி. இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. டெங்கு, டைபாய்டு இல்லை என்கிறார்கள். மாட்டிடமிருந்து வந்திருக்குமா?

பதில்: வந்திருக்கலாம். ஆனால் காய்ச்சலுக்குப் பார்த்த டாக்டரிடம் மாட்டு விஷயத்தைச் சொன்னீர்களா? பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது டாக்டரும் கேட்பதில்லை.

எனக்கு முதல் சந்தேகம் புருசெல்லோசிஸ். கால்நடைத் துறையில் கன்று வீச்சு நோய் என்பார்கள். வீசிய கன்று, கொடி, நீர் எல்லாவற்றிலும் கிருமி ஏராளமாக இருக்கும். புல்லறுத்த கையில் ஒரு கீறல் போதும், உள்ளே போய்விடும். காய்ச்சாத பாலிலும் பரவும். 1887-ல் மால்டா தீவில், இறந்த படைவீரர்களின் மண்ணீரலில் டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். எங்கிருந்து வந்தது என்று மட்டும் பிடிபடவில்லை. 1905-ல் தெமிஸ்டோகிளிஸ் சாமிட் என்ற மால்டா டாக்டர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்த பிறகுதான் ஆட்டுப்பால் மாட்டிக்கொண்டது.

தாமதிக்காமல் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, புருசெல்லா என்ற இந்தக் கிருமிக்கான ரத்தப் பரிசோதனையும், ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையும் கேளுங்கள். சந்தேகத்தை ஆய்வகத்துக்கும் சொல்லச் சொல்லுங்கள். கல்ச்சர் செய்பவருக்கே தொற்றிக்கொள்ளும் கிருமி இது. சேர்வராயன் அடிவாரத்தில் இருப்பதால் உண்ணிக்காய்ச்சலையும் எலிக்காய்ச்சலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புருசெல்லாதான் என்றால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கோடு இன்னொரு மருந்தும் சேர்த்து, வழக்கமாக ஆறு வாரம். பத்து நாளில் காய்ச்சல் விட்டதும் நோயாளிகள் பலர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அங்கேதான் நோய் திரும்பி வரும்.

அப்புறம் மாடு. கால்நடை மருத்துவரிடம் சொல்லி எல்லா மாடுகளின் ரத்தத்தையும் சோதியுங்கள். பால் பொங்கக் காய்ச்சினால் பயமில்லை. கர்ப்பிணி இருந்தால் தொழுவத்துப் பக்கம் விடாதீர்கள். இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. கன்று வீசிய மாட்டின் கொடிக்கு அது வேண்டவே வேண்டாம். கையுறை போட்டு, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள், நாய் இழுக்காதபடி.

நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்று இருந்தால் தடுப்பூசி போடுங்கள். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். சினை மாட்டுக்கும் காளைக் கன்றுக்கும் கூடாது. ஊசி போடும்போது கன்றை இறுக்கிப் பிடித்துக் கொடுங்கள். அதிலிருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. கன்று துள்ளி, ஊசி கால்நடை மருத்துவரின் கையில் குத்திவிட்டால் அவருக்கும் இதே காய்ச்சல் வரலாம்.