தேறி வரும் நோயாளியைச் செவிலியர் ஏன் கூடுதலாகக் கவனிக்கிறார்?

மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் நன்றாகப் பேசவும் உண்ணவும் தொடங்கிய பிறகும் செவிலியர் அவரைத் தனியே விடாதது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் உடலின் சுறுசுறுப்பு முன்னதாகத் திரும்பி, நம்பிக்கையின்மை மட்டும் அப்படியே தங்கி, தற்கொலைக்கு முயலும் வலு வந்துவிடக்கூடும் என்பதாலும், 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் மருந்து தொடங்கிய புதிதில் தற்கொலை எண்ணம் அதிகரிக்க வாய்ப்புண்டு என்பதாலும் கண்காணிப்பு இறுக்கமாகிறது. காரணமின்றித் திடீரென வரும் அமைதி, சாக முடிவெடுத்துவிட்டதன் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், அதையும் அனுபவமுள்ள செவிலியர் நலமென்று உடனே எழுதிவிடுவதில்லை.

"சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று அவர் நேராகவே கேட்பார். உறவினருக்கு இது பதற்றமளிக்கும். ஆனால் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, பெரும்பாலும் பாரம்தான் குறைகிறது.

வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் ஆபத்தானவையே. ஆகவே மாத்திரைகளைக் குடும்பத்தினரே வைத்திருந்து வேளைக்கு வேளை கொடுப்பதும், அடுத்த பரிசோதனையைத் தவறவிடாததும் அவசியம். நெருக்கடியில், 2022 முதல் இயங்கும் இந்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம்.