அம்மப்பாவின் டேப்பில் இரண்டு கணக்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

பழைய அளவு நாடாக்களையும் மடக்கு அடிமட்டங்களையும் நீங்கள் சேர்த்து வருவதாக எழுதியிருந்ததை வாசித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். என் அம்மப்பா ஆரையம்பதியில் ஓடாவியாக இருந்தவர். அவருடைய ஆயுதப் பெட்டியை மாமா வீட்டுப் பரணிலிருந்து இறக்கினோம். உளி, சீவுளிகளோடு இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று, நாலாக மடிகிற மஞ்சள் மரத்து அடிமட்டம். விரித்தால் மூன்றடி. மூட்டுகள் பித்தளை. ‘ரபோன்’ என்று வாசிக்கலாம், அதற்குப் பிறகு தேய்ந்துவிட்டது. ஓரத்தில் அம்மப்பா அரத்தால் போட்ட மூன்று வெட்டுகள் இருக்கின்றன.

மற்றது, வட்டமான தோல் கூட்டுக்குள் சுற்றியிருக்கும் துணி டேப். ‘செஸ்டர்மேன், ஷெஃபீல்ட்’ என்று அச்சு. ஒரு பக்கம் அடியும் அங்குலமும், 66 அடியில் முடிகிறது. மறுபக்கத்து எண்கள்தான் விளங்கவில்லை. ஓர் எண்ணுக்கும் அடுத்ததுக்கும் இடையில் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 100இல் முடிகிறது. அம்மப்பாவின் தமையன் காணி அளக்கும் சேவையரோடு வேலைக்குப் போனவர் என்று அம்மா சொல்கிறா.

கொழும்பில் ஒருவர் இரண்டையும் விலைக்குக் கேட்கிறார். பித்தளைக்கு பிராசோ போட்டு, மரத்துக்கு சாண்ட் பேப்பர் பிடித்து, வார்னிஷ் அடித்துப் படம் அனுப்பச் சொல்கிறார். இவை எந்தக் காலத்துப் பொருட்கள்? மினுக்கலாமா, விற்கலாமா? மகன் தானும் இப்படிச் சேர்க்கப் போவதாகச் சொல்கிறான். அவன் எங்கே தொடங்குவது?

வாசகி, ஆரையம்பதி

அன்புத் தங்கச்சி,

சாண்ட் பேப்பரைக் கீழே வையுங்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

முதலில் டேப். அதன் மறுபக்கத்தில் இருப்பது லிங்க் கணக்கு. 66 அடி ஒரு சங்கிலி. அதை நூறாகப் பிரித்தால் ஒரு லிங்க், அதாவது 7.92 அங்குலம். எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று நீங்கள் எழுதியது அதுதான். ஆங்கிலேயக் கணிதர் எட்மண்ட் கண்டர் 1620 வாக்கில் காணி அளக்க முன்வைத்த சங்கிலி இது. 66 என்ற எண் பார்க்கக் கோணலாகத் தெரியும், ஆனால் பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், எண்பது சங்கிலி ஒரு மைல் என்று வசதியாக வந்து விழும். ஓர் ஏக்கர் சரியாக ஒரு லட்சம் சதுர லிங்க். ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதால் ஒரு பேர்ச் 625 சதுர லிங்க், அதாவது 25க்கு 25.

இதன் அருமை கணக்குப் போட்டால்தான் தெரியும். 250 லிங்க் நீளமும் 130 லிங்க் அகலமும் உள்ள வளவு ஒன்றை எடுங்கள். பெருக்கினால் 32,500. ஐந்து இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் 0.325 ஏக்கர். 160ஆல் பெருக்கினால் 52 பேர்ச். 40 பேர்ச் ஒரு ரூட் என்பதால், பழைய காணி உறுதியில் இது ஏக்கர் 0, ரூட் 1, பேர்ச் 12 என்று இருக்கும். இதே வளவை அடியில் அளந்தால் 165க்கு 85.8. அதைப் பெருக்கி, வருவதை 272.25ஆல் வகுக்க வேண்டும். கல்குலேட்டர் இல்லாத காலத்தில், வெயிலில், வேலியோரம் நின்றுகொண்டு யார் இதைச் செய்வது? இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. பழைய அளவைப் படங்களில் கோடுகளின் நீளம் லிங்கில் இருக்கும். இன்றைக்கும் மட்டக்களப்பில் காணி விற்கிறவர் பேர்ச்சில்தான் விலை சொல்கிறார். மீற்றர் 1970களிலேயே வந்துவிட்டது, காணிப் பேச்சுக்குள் மட்டும் அது இன்னும் சரியாக நுழையவில்லை.

ஆகவே அந்த டேப் அம்மப்பாவுடையதாக இருப்பதைவிட அவருடைய தமையனுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓடாவிக்கு லிங்க் எதற்கு? சேவையர்மார் நீண்ட கோட்டை இரும்புச் சங்கிலியால் அளப்பார்கள். அந்தக் கோட்டிலிருந்து வேலிக்கும் கிணற்றுக்கும் மரத்துக்கும் பக்கவாட்டுத் தூரம் எடுக்கத்தான் இந்தத் துணி டேப். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய உலோகக் கம்பி நீளவாக்கில் நெய்திருந்தால் நல்ல வகை. வெறும் லினன் நனைந்தால் சுருங்கும், இழுத்தால் நீளும், அதற்குத்தான் கம்பி. முதல் அடி கிழிந்துபோயிருந்தாலும் கவலை வேண்டாம். அதிகம் பாவித்த டேப்புகளில் அங்கேதான் முதலில் போகும். ஓர் அடி விட்டுப் பிடித்து அளந்து, பிறகு கழித்துக்கொள்வார்கள்.

அடிமட்டத்தின் மரம் பொக்ஸ்வுட். கண்ணுக்குத் தெரியாத அளவு நெருங்கிய இழை, எளிதில் கோணாது, மெல்லிய கோட்டையும் தாங்கும். ரபோன் பர்மிங்காம் கம்பனி, செஸ்டர்மேன் ஷெஃபீல்ட் கம்பனி. இரண்டும் 1963இல் ஒன்றாகி ரபோன் செஸ்டர்மேன் ஆயின. உங்கள் பெட்டியில் இரண்டு பெயரும் தனித்தனியாக வந்து சேர்ந்திருப்பது தற்செயல்தான், ஆனாலும் வயது சொல்ல உதவும். டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் தேய்ந்த எழுத்து நிழலாக எழும்பும். ரபோனுக்குப் பிறகு செஸ்டர்மேன் என்று வந்தால் 1963க்குப் பிந்தியது. ‘அன்ட் சன்ஸ்’ என்று வந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. டேப்பில் செஸ்டர்மேன் மட்டும் இருப்பதால் அதையும் முந்தியதாகவே எடுக்கலாம். இதைவிடத் துல்லியமாக ஒருவர் ஆண்டு சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

சரி, மினுக்குவது. வேண்டாம். பொக்ஸ்வுட் அடிமட்டத்தில் கோடுகள் மிக மெல்லிய ஆழத்தில்தான் இருக்கும். சாண்ட் பேப்பர் பட்டால் அழுக்கோடு அங்குலமும் போகும். ஈரம் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, உடனே உலர்த்தினால் போதும். மூட்டு இறுகியிருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்து மணக்கும். தோல் கூட்டை நனைக்கவே கூடாது. நம் ஊர்க் காற்றுத்தான் பெரிய எதிரி. வாவிப் பக்கம் உப்பு, மாரியில் பூஞ்சணம், கச்சான் காற்றடிக்கும்போது தோல் வெடிக்கும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் ஆயுதப் பெட்டிக்குள் போடுங்கள். டேப்பை வருடத்தில் சில தடவை முழுதாக இழுத்து, நிழலில் காற்றாட விட்டுச் சுற்றுங்கள்.

அந்த மூன்று வெட்டுகளைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு முழு அடிமட்டத்தையும்விட அவைதான் முக்கியமாகப் படுகின்றன. ஓர் ஓடாவி நல்ல அடிமட்டத்தில் சும்மா அரம் வைக்க மாட்டார். அடிக்கடி எடுக்கும் அளவு ஏதோ அங்கே இருக்கிறது. ஜன்னல் கம்பிகளுக்கு இடையிலான தூரமாக இருக்கலாம், கதவுச் சட்டத்தின் அகலமாக இருக்கலாம். அவர் செய்த கதவோ அலுமாரியோ வீட்டில் மிஞ்சியிருந்தால் அந்த வெட்டுகளை வைத்துப் பொருத்திப் பாருங்கள். கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள். 1978 சூறாவளி, சண்டைக்கால இடப்பெயர்வுகள், 2004 கடல் என்று எல்லாவற்றையும் தாண்டி இந்தக் கரையில் ஓர் ஆயுதப் பெட்டி முழுதாக நிற்பதே பெரிய காரியம். கொழும்புக்காரர் சொன்னபடி வார்னிஷ் அடித்தால் அது எந்த ஊர் அடிமட்டமாகவும் ஆகிவிடும். அவர் அதை ஏதோ ஹோட்டல் சுவரில் மாட்டத்தான் கேட்கிறார் என்பது என் ஊகம்.

விற்பதா என்று கேட்டால், விற்கலாம், உங்கள் பொருள். ஆனால் பெரிய காசு எதிர்பார்க்க வேண்டாம். ரபோன் மூன்றடி மடக்கு அடிமட்டம் இங்கிலாந்துப் பழைய சாமான் சந்தைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. டேப்புக்கு லிங்க் பக்கம் இருப்பதால் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு. அந்தக் காசுக்காக இரண்டையும் பெட்டியிலிருந்து பிரிப்பது எனக்கு நட்டமாகத்தான் தெரிகிறது.

மகனுக்கு. சுருள் வில் போட்டுத் தானாக உள்ளே போகும் டேப்பில் தொடங்கச் சொல்லுங்கள். விலை குறைவு, வகை அதிகம். 1829இல் ஷெஃபீல்டின் ஜேம்ஸ் செஸ்டர்மேன் அதற்குக் காப்புரிமை எடுத்தார். இழுத்த இடத்தில் பூட்டி நிறுத்தும் வகைக்கு அமெரிக்காவின் ஆல்வின் ஃபெலோஸ் 1868இல் எடுத்தார். இரும்புத் தகட்டைக் குறுக்கே சற்று வளைத்து, தூக்கிப் பிடித்தாலும் மடியாமல் நிற்கச் செய்தவர் ஹைரம் ஃபாரன்ட், 1922இல். ஓலையை நடுவில் கொஞ்சம் குழித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும், தட்டையாகப் பிடித்தால் தொங்கும் அல்லவா, அதே சங்கதி. ஆகவே தகடு முற்றிலும் தட்டையாக இருந்தால் அது பழைய வகை. வெளியே என்ன பெட்டி போட்டிருந்தாலும் தகட்டைப் பார். ஒரே ஒரு எச்சரிக்கை, கூட்டைத் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் வில் சீறிக்கொண்டு வரும், விரலை வெட்டும்.

நீளமான இரும்பு டேப் கிடைத்தால் முனையில் 62 பாகை பரன்ஹைட் என்று இருக்கிறதா பார்க்கட்டும். அந்தச் சூட்டில்தான் அது சரியான நீளம். அது ஏறக்குறைய 17 பாகை செல்சியஸ், நமக்கு மார்கழியில்கூட வராத குளிர். 32 பாகைப் பகலில் நூறடி டேப் ஒன்றரை நூலுக்கு மேல் நீண்டுவிடும் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று). டேப் நீண்டால் காணி குறைவாகக் காட்டும். வேலிச் சண்டைக்கு இது போதாது, பாலம் கட்டுகிறவருக்குப் போதும்.

இன்னொன்று, வார்ப்புப் பட்டறைகளுக்கென்று செய்த அடிமட்டம் உண்டு. உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் அதில் ஓர் அடி, உண்மையான அடியைவிட ஒரு நூல் அளவு கூடுதலாக இருக்கும். தெரியாமல் அதை வைத்துக் கதவு செய்தால் சட்டத்துக்குள் போகாது. எதை வாங்கினாலும் ஒரு நல்ல புது இரும்பு அடிமட்டத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். வெள்ளையாக, எலும்பு போல ஒன்று கிடைத்தால் அது யானைத் தந்தமாக இருக்கலாம். சட்டச் சிக்கல், தொட வேண்டாம்.

தேடும் இடங்கள் என்றால் காத்தான்குடி, கல்முனைப் பக்கப் பழைய இரும்புக் கடைகள். மருதமுனையில் நெசவு வீடுகளில் துணி அளக்கும் யார்க் கோல் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், அது தனி வகை. அம்பாறைப் பக்கம் போனால் லுஃப்கின் என்று அமெரிக்கப் பெயர் போட்ட டேப்பை எடுத்துக் காட்டி, கல்லோயா அணை கட்ட வந்த வெள்ளைக்காரர் விட்டுப்போனது என்பார்கள். 1949இல் இங்கினியாகலையில் அமெரிக்க மொரிசன் நட்சன் கம்பனி வேலை தொடங்கியது உண்மை. அதற்காக அம்பாறையில் கிடைக்கும் ஒவ்வொரு லுஃப்கினும் அங்கிருந்து வந்ததாகிவிடாது, அந்தக் கம்பனி உலகமெல்லாம் விற்றது. கதையை வடிவாகக் கேட்டுவிட்டு, டேப்புக்கு மட்டும் காசைக் கொடுக்கச் சொல்லுங்கள்.