டிஸ்கைப் பெரிதாக்கியும் விஎம்முக்குள் இடம் கூடவில்லையே?

கேள்வி: ஒரே லினக்ஸ் சர்வரில் (8 கோர், 64 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி) கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி) வழியாக 5 விஎம்களை, அதாவது தனிக் கணினி போல இயங்கும் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டுகிறேன். டேட்டாபேஸ் விஎம்மில் இடம் தீர்ந்துபோனதால் அதன் டிஸ்கை 40 ஜிபியிலிருந்து 100 ஜிபி ஆக்கினேன். உள்ளே போய்ப் பார்த்தால் இன்னும் 40தான் காட்டுகிறது. ரேமையும் 4-லிருந்து 8 ஜிபிக்கு மாற்றி ரீபூட் செய்தேன், அதுவும் கூடவில்லை. இன்னொன்று, ஃபைல் சர்வர் விஎம்முக்கு 300 ஜிபி டிஸ்க் கொடுத்துவிட்டேன். அதைக் குறைக்கலாமா?

பதில்: நீங்கள் செய்தது தவறில்லை, பாதியில் நிற்கிறது. அவ்வளவுதான்.

ரேமிலிருந்து தொடங்குவோம், அது சுலபம். விஎம்முக்குள் இருந்து ரீபூட் கொடுத்தால் உள்ளே இருக்கும் இயங்குதளம்தான் திரும்பத் தொடங்குகிறது. சர்வரில் அந்த விஎம்மைத் தாங்கி நிற்கும் க்யூஎமு என்ற மென்பொருளின் புராசஸ் அப்படியே பழைய அளவுகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் விஎம்மை முழுவதும் ஷட்டவுன் செய்துவிட்டு, சர்வர் பக்கத்திலிருந்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் 4 ஜிபியே காட்டினால் லிப்விர்ட்டில் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) அந்த விஎம்முக்கான அமைப்பைத் திறந்து பாருங்கள். அங்கே ரேமுக்கு இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று உச்சவரம்பு, மற்றொன்று இப்போது கொடுக்கும் அளவு. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். சிபியு எண்ணிக்கைக்கும் இதே கதை.

டிஸ்க் விஷயம் கொஞ்சம் நீளமானது. நீங்கள் பெரிதாக்கியது வெளிப்பெட்டியை மட்டும்தான். அதற்குள் பார்ட்டிஷன் (டிஸ்கின் ஒரு பகுதி) இருக்கிறது, பார்ட்டிஷனுக்குள் கோப்புகளை வைக்கும் ஃபைல் சிஸ்டம் இருக்கிறது. எல்விஎம் (டிஸ்க் இடத்தைத் தேவைக்கேற்பப் பிரித்துத் தரும் லினக்ஸ் வசதி) போட்டிருந்தால் நடுவில் இன்னும் இரண்டு அடுக்கு. வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு போக வேண்டும். கைவைக்கும் முன் டேட்டாபேஸை பேக்கப் எடுத்து, அந்த பேக்கப்பை வேறொரு இயந்திரத்தில் வையுங்கள். பார்ட்டிஷன் அட்டவணையில் ஒரு எண் பிசகினாலும் பிறகு தலையில் கைவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் விஎம்முக்குள் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டுங்கள். டிஸ்க் 100, பார்ட்டிஷன் 40 என்று காட்டினால் சரி, வெளி வேலை முடிந்துவிட்டது. குரோபார்ட் கட்டளை பார்ட்டிஷனை நீட்டும். எல்விஎம் இருந்தால் அடுத்து பிவிரீசைஸ், அப்புறம் எல்விஎக்ஸ்டெண்ட். கடைசியில் ஃபைல் சிஸ்டம்: எக்ஸ்ட்4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ். இவற்றை விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம்.

வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு அடுத்தே ஸ்வாப் பார்ட்டிஷன் (ரேம் போதாதபோது உதவும் இடம்) உட்கார்ந்திருந்தால், டிஸ்கின் கடைசியில் காலியிடம் கிடந்தும் ரூட்டால் அதைத் தொட முடியாது. ஸ்வாப்பை நிறுத்தி, எஃப்எஸ்டேப் கோப்பில் (தொடங்கும்போது எதை இணைப்பது என்ற பட்டியல்) அதன் வரியை நீக்கி, பார்ட்டிஷனை அழித்துவிட்டு ரூட்டை நீட்டுங்கள். ஸ்வாப் தேவையென்றால் பிறகு ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் விஎம்களில் சி டிரைவுக்குப் பின்னால் இருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷன் இதே போல வழிமறிக்கும்.

எல்எஸ்பிஎல்கே டிஸ்கையே 40 என்று காட்டினால் வெளிமாற்றம் உள்ளே போய்ச் சேரவில்லை என்று பொருள். ஓடும் விஎம்முக்கு, சர்வர் பக்கத்தில் கொடுக்கும் விர்ஷ் பிளாக்ரீசைஸ்தான் சரியான கட்டளை. க்யூஎமு-இமேஜ் ரீசைஸ் என்பது விஎம் அணைந்திருக்கும்போது மட்டும் பயன்படுத்த வேண்டியது. ஓடும்போது அதைக் கொடுத்தால் இமேஜ் (விஎம்முக்கு டிஸ்காக இருக்கும் கோப்பு) கெட்டுப்போகலாம். ஒருமுறை அவசரத்தில் நானே அதைச் செய்யப் போனேன். புதிய க்யூஎமுவில் இருக்கும் கோப்புப் பூட்டு தடுத்ததால் தப்பித்தேன்.

இனி அந்த 300 ஜிபி. முதலில் அது என்ன வகை இமேஜ் என்று பாருங்கள். தின் முறையில் (இடத்தை முன்கூட்டியே பிடிக்காமல்) உருவாக்கிய கியூகவ்2 வகை என்றால், எழுதிய அளவுதான் எஸ்எஸ்டியில் இடம் பிடிக்கும். 300 என்பது வெறும் உச்சவரம்பு. அப்படியானால் அதைக் குறைக்க மெனக்கெட வேண்டாம். உள்ளே கோப்புகளை அழித்தும் இமேஜ் சுருங்கவில்லையே என்று தோன்றினால், டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்டை அன்மேப் என்று வைத்து, விஎம்முக்குள் எஃப்எஸ்டிரிம் ஓட்டுங்கள். அழித்த இடம் சர்வருக்குத் திரும்பும்.

அது இடம் முழுவதையும் பிடித்துக்கொண்ட ரா வகை இமேஜ், நிஜமாகவே குறைத்தாக வேண்டும் என்றால், சுருக்கும் வேலைக்குப் போகாதீர்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பொதுவாகச் சுருக்கவே முடியாது. எக்ஸ்ட்4-ஐ அன்மவுண்ட் செய்தால்தான் சுருக்கலாம், அதிலும் ஃபைல் சிஸ்டத்தை முதலில் சுருக்காமல் பெட்டியைச் சுருக்கினால் தரவு போய்விடும். சிறிய டிஸ்க் ஒன்றைப் புதிதாக இணைத்து ஆர்சிங் என்ற நகலெடுக்கும் கட்டளையால் கோப்புகளை மாற்றிவிட்டுப் பழையதைக் கழற்றுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பழைய டிஸ்க் கையிலேயே இருக்கும். இதனால்தான் டிஸ்க் கொடுக்கும்போது மட்டும் நான் கஞ்சன். நாளைக்கு நீட்டுவது பத்து நிமிட வேலை.

தின் இமேஜ்களில் ஓர் ஆபத்து இருக்கிறது. 5 விஎம்களுக்கும் கொடுத்த அளவைக் கூட்டினால் 1 டிபியைத் தாண்டலாம், எல்லாம் ஒழுங்காகவே ஓடும். என்றைக்கு எஸ்எஸ்டி நிரம்புகிறதோ அன்றைக்கு எழுத முயலும் விஎம்கள் அப்படியே இடைநிறுத்தப்பட்டு நின்றுவிடும். சர்வரில் 80 சதவீதம் நிரம்பும்போதே எச்சரிக்கை வரும்படி வையுங்கள்.

ரேமில் இப்படி இருப்பதைவிட அதிகமாகக் கொடுத்துக் கடன் வைத்து ஓட்டாதீர்கள். சர்வருக்கென்று ஒரு 6 ஜிபியை ஒதுக்கிவிட்டு மீதியைப் பிரித்துக்கொடுங்கள். சிபியுவில் தாராளமாக இருக்கலாம், 8 கோருக்கு மொத்தம் 16, 20 விசிபியு (விஎம்களுக்குக் கொடுக்கும் சிபியு) கொடுத்தாலும் விஎம்கள் பெரும்பாலும் சும்மா இருப்பவை என்றால் வேகக் குறைவு தெரியாது. விஎம்முக்குள் டாப் கட்டளையை ஓட்டும்போது எஸ்டி என்ற எண் அடிக்கடி ஏறினால், கேட்கும் நேரத்தில் கோர் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது விசிபியுவைக் கூட்டினால் நெரிசல்தான் கூடும். சும்மா கிடக்கும் விஎம்களிடமிருந்து குறையுங்கள்.