தங்கை பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: மதுரையில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறேன். மாதம் 7,000 ரூபாய் வரும். கணவர் இல்லை. என் தங்கையும் போன வருடம் தவறிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொண்டு போனவர், பிள்ளைகளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 11 வயதுப் பெண், 8 வயதுப் பையன், இருவரும் இப்போது என்னோடுதான் இருக்கிறார்கள். நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, தெரிந்த ஒரு டிரஸ்ட் நடத்தும் இல்லத்தில் சேர்த்துவிடச் சொல்கிறார். சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசமாம். செய்திகளில் வருவதைக் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. நல்ல இல்லம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இல்லத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். பணம் மட்டும்தான் பிரச்சினையா? அப்படியென்றால் பிள்ளைகளை அனுப்பாமலே சமாளிக்க வழி இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015, இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், உறவினர் வீட்டில் வளரும் ஆதரவற்ற பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமமானால் 72,000, நகரமானால் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் கணக்கு 84,000 வருகிறது, வரம்புக்குள்தான். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்துக்குப் போய், இரண்டில் எது இவர்களுக்குப் பொருந்தும் என்று கேளுங்கள். தங்கையின் இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பள்ளியில் படிக்கும் சான்று எல்லாவற்றையும் நகலெடுத்துக் கையோடு கொண்டு போங்கள். ஒரே நாளில் முடியாது, அலைய வேண்டியிருக்கும். அலைந்தாலும் பரவாயில்லை என்பதுதான் என் கருத்து. அம்மாவை இழந்த பிள்ளைகளுக்குப் பெரியம்மா வீடும் கைவிட்டுப் போவது சின்ன விஷயம் இல்லை.

சரி, பணம் மட்டும் காரணம் இல்லை, விடிகாலையில் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்கிறீர்களா? அப்போதும் அந்த வீட்டு அம்மா சொன்னபடி நேராக இல்லத்து வாசலில் கொண்டுபோய் விடாதீர்கள். ஒரு பிள்ளை இல்லத்தில் தங்க வேண்டுமா என்று தீர்மானிக்க வேண்டியது மாவட்டத்தில் இருக்கும் குழந்தைகள் நலக் குழு. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பார். குழு உங்களிடமும் பேசும், பிள்ளைகளிடமும் பேசும், வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கும். அப்பா உயிரோடு இருப்பதால் அவரையும் விசாரிக்கலாம். அதைக் கண்டு தயங்க வேண்டாம். குழுவின் உத்தரவு இல்லாமல், ‘ஆதாரை மட்டும் கொடுங்கம்மா, மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம்’ என்று சேர்த்துக்கொள்கிற இல்லம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். குழு வழியாகப் போன பிள்ளையின் பெயர் அரசுக் கணக்கில் இருக்கும், அது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் இருக்கும். கணக்கில் இல்லாத பிள்ளைக்கு என்ன ஆனாலும் வெளியே தெரியாது.

இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டு இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது பற்றி 2007-ல் வந்த பத்திரிகைச் செய்தியிலிருந்து தொடங்கிய வழக்கில்தான், 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யச் சொன்னது. டிரஸ்ட் பதிவுப் பத்திரம் வேறு, இது வேறு. பலர் முதலாவதைக் காட்டிச் சமாளிப்பார்கள்.

ஆனால் சான்றிதழைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். பீகாரில் முசாஃபர்பூர் பெண் குழந்தைகள் இல்லம் அரசுப் பணத்தில்தான் நடந்தது. அங்கே பிள்ளைகளுக்கு நடந்த கொடுமை 2018-ல் வெளியே வந்தது எப்படி? டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்திலிருந்து தணிக்கைக்குப் போனவர்கள் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசினார்கள். பதிவேட்டில் அது ஒருநாளும் தெரிந்திருக்காது. அதனால் எந்த இல்லத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது, உள்ளே இருக்கும் பிள்ளை வெளியே உள்ள ஒருவரிடம் பயமில்லாமல் பேச வழி இருக்கிறதா என்பதைத்தான்.

புகார்ப் பெட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு இல்லத்திலும் அது இருந்தாக வேண்டும். அலுவலக அறையை விட்டுத் தள்ளி, பிள்ளைகள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. சாவி வார்டனிடம் இருக்கக் கூடாது, இல்லத்தின் மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பிள்ளைகளின் பிரதிநிதிகள் முன்னிலையில் திறக்க வேண்டும். நடைமுறையில் நான் பார்த்தவற்றில் பல, கண்காணிப்பாளர் நாற்காலிக்கு நேர் எதிரே, அவர் கண்ணில் படாமல் ஒரு துண்டுச் சீட்டுகூடப் போட முடியாத இடத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கும். பூட்டில் துரு ஏறியிருக்கும். ‘எங்க பிள்ளைங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க, அதான் யாரும் எழுதுறதில்லை’ என்பார்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் குழம்பு உப்பாக இருந்தது என்றுகூட ஒரு சீட்டு விழவில்லை என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அப்புறம் கழிப்பறை. தாழ்ப்பாள் உள்பக்கம் சரியாக விழுகிறதா, இரவில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஏழு பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும் என்பது விதி. பெண் பிள்ளைகள் இல்லத்தில் பொறுப்பாளர் உட்பட எல்லா ஊழியர்களும் பெண்களாகவே இருக்க வேண்டும். இரவில் யார் விழித்திருப்பார்கள் என்று பெயரோடு கேளுங்கள். பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் ஒரே அறையில் படுக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஊழியர்களை மட்டுமே நினைத்துப் பயப்படுகிறோம், மூத்த பிள்ளைகள் இளையவர்களை வதைப்பதும் நடக்கிற ஒன்றுதான்.

பிறந்தநாள் சாப்பாடு போட வருகிறவர்களை இல்லம் எப்படி நடத்துகிறது என்பதிலும் நிறையத் தெரியும். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட வைத்து, கேக் வெட்டுகிறவர் செல்ஃபி எடுத்து, அறைக்குள்ளெல்லாம் புகுந்து சுற்ற விடுகிற இடம் எனக்குப் பிடிப்பதில்லை. முன்பின் தெரியாதவர் உள்ளே சுலபமாகப் போக முடிகிறது, பெற்ற தாய் மட்டும் வாசலில் காத்திருக்க வேண்டும் என்றால் அந்த இல்லம் வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெண்ணும் பையனும் வெவ்வேறு இல்லங்களுக்குப் போக நேரலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அம்மா போன பிறகு அந்த 8 வயதுப் பையனுக்கு அக்காதான் எல்லாமுமாக இருப்பாள். அவளையும் பிரித்தால் அவன் சுருண்டுவிடுவான். ஒரே ஊரில், முடிந்தால் ஒரே நிர்வாகத்தின் இரண்டு இல்லங்களில் விடும்படியும், அடிக்கடி இருவரும் சந்திக்க ஏற்பாடு செய்யும்படியும் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்று ஒன்று எழுத வேண்டும். இந்தச் சந்திப்பை அதில் எழுத வையுங்கள். உத்தரவின் நகல் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்த பிறகு பார்க்கப் போவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேடி வர ஆள் இருக்கிற பிள்ளைமீது கைவைக்க யாரும் யோசிப்பார்கள். அடுத்த முறை எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள், சொன்ன நாளில் போய்விடுங்கள். போகும்போது ‘நல்லா இருக்கியா, நல்லா படிக்கிறியா’ என்று கேட்டால் தலையாட்டிவிட்டுத் தின்பண்டத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிடும். சாப்பிடும்போது பக்கத்தில் யார் உட்காருவார்கள், ராத்திரி பயந்தால் யாரை எழுப்புவாய், எந்த அக்காவைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று கேளுங்கள். வார்டன் பக்கத்திலேயே நின்றால், சற்றுத் தள்ளிப் போய்ப் பேசிக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ இரண்டு பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்ய வையுங்கள். இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் பேசலாம்.

படுக்கையில் சிறுநீர் போகத் தொடங்குவது, ஒருவர் பெயரைக் கேட்டதும் பேச்சை நிறுத்துவது, விடுமுறை முடிந்து திரும்பும் நாளில் காய்ச்சல் வருவது, இவற்றில் எதுவும் தனியாக ஒன்றை நிரூபித்துவிடாது. ஆனாலும் கவனியுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் அழாமல், கத்தாமல் முழுக்கக் கேளுங்கள். ‘நீ ஏன் முன்னாடியே சொல்லல’ என்று மட்டும் கேட்காதீர்கள். உடனே போய் வார்டனிடம் சண்டை போடவும் வேண்டாம், சாட்சிகளை மிரட்ட அதுவே அவகாசம் கொடுத்துவிடும். 1098-க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ காவல் துறைக்கோ சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரும் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. அது இருக்கும் இடத்துக்கோ, அது விரும்பும் இடத்துக்கோ வந்து, சீருடை இல்லாமல்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும். அடிப்பதும் குற்றம்தான். ‘கண்டிப்பா வளர்க்கிறோம்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அடிப்பீர்களா என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

ஒருமுறை இல்லத்துக்குப் போனால் 18 வயது வரை அங்கேதான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வீட்டில் ஆள் துணை கிடைத்ததும், பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொள்ள அதே குழுவிடம் மனுக் கொடுக்கலாம். இல்லத்திலிருந்து வீடு திரும்பும் பிள்ளைக்கும் அந்த 4,000 ரூபாய் உதவியைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.