மணி டப்பாவில் முடங்கிய 26,000 ரூபாய்

கேள்வி: வீட்டிலேயே மணி மாலை கோத்து வாட்ஸ்ஆப்பில் விற்கிறேன். 8 மாதம் ஆகிறது. மாதம் 40 மாலை போகிறது, ஒன்று 350 ரூபாய். கூரியர் செலவு வாங்குபவருடையது. மணியும் சாமானும் வாங்க மாதம் 9,000 போய்விடுகிறது. மிச்சம் 5,000 வீட்டுச் செலவில் கரைகிறது. சென்னை சௌகார்பேட்டையில் மொத்தமாக எடுத்தால் 20% குறையுமாம். நகையை அடகு வைத்து 1 லட்சத்துக்குச் சரக்கு எடுக்கலாமா? பக்கத்து பொட்டிக்கில் 30% கமிஷனுக்கு வைக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? மாதம் 2, 3 மாலை அறுந்து திரும்பி வருவது வேறு. ஒரு மாலைக்கான சாமான் கணக்கை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, கரூர்

பதில்: அடகு வேண்டாம். ஏன் என்று உங்கள் சாமான் கணக்கே சொல்கிறது.

8 மில்லிமீட்டர் அகேட் கல் மணி ஒரு லைன், அதாவது ஒரு சரம் (16 அங்குலம், சுமார் 50 மணி), 85 ரூபாய். மணிகளுக்கு நடுவில் கோக்கும் ஸ்பேசர் 14க்கு 21, மணி கோக்கும் கம்பியான கியர் வயர் இரண்டடிக்கு 4, வயர் முனையில் நசுக்கிப் பிடிக்கும் கியர் லாக் இரண்டுக்கு 2, கொக்கியும் வளையமும் 8, கழுத்துக்குப் பின்னால் வரும் பின்கயிறு 12, டப்பாவும் கவரும் 10. கூட்டினால் 142. நாற்பது மாலைக்கு 5,680 தான் வருகிறது. நீங்கள் வாங்குவதோ 9,000. ஆக, மாதாமாதம் 3,320 ரூபாய் கோக்காத மணியாக அலமாரியில் உட்காருகிறது. 8 மாதத்தில் 26,560. லாபம் எங்கே போகிறது என்று தேட வேண்டாம், டப்பாவைத் திறந்து பாருங்கள். கலர் பார்த்ததும் ‘இரண்டு லைன் சேர்த்துப் போடுங்க’ என்று சொல்லிவிடுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பலவீனம்.

இப்போது அந்த 20% தள்ளுபடி. 1 லட்சத்துக்கு எடுத்தால், இன்றைய விலையில் 1,25,000 ரூபாய்ச் சரக்கு கிடைக்கும். மாதம் 5,680 என்று செலவழித்தால் தீர்வதற்கு 22 மாதம் ஆகும். நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 12% என்று வைத்து, அசலை நடுவில் அடைக்காமல் விட்டால், 22 மாதத்துக்கு 22,000. மிச்சம் பிடித்தது 25,000, வட்டி போனது 22,000. மூவாயிரம் ரூபாய்க்காக நகை வங்கியில் இருக்கும். அதற்குள் முலாம் பூசிய ஸ்பேசர் ஈரக் காற்றில் கறுக்கத் தொடங்கும், இந்த வருஷம் ஓடிய கலர் அடுத்த வருஷம் நிற்கும். அந்த இழப்பை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மொத்தமாக வாங்கவே கூடாதா என்றால், வாங்கலாம். ஃபேஷன் மாறாத சாமானை மட்டும். கியர் வயர், லாக், பின்கயிறு, டப்பா ஆகியவற்றை ஆறு மாதத்துக்குச் சேர்த்து எடுங்கள். முலாம் பூசிய கொக்கி, வளையம், ஸ்பேசர் இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம்; காற்றுப் புகாத கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மணியில் கலருக்கு இரண்டு லைன், அது விற்ற பிறகு அடுத்தது.

அடுத்த இரண்டு மாதம் கொள்முதலை 2,000 ரூபாயில் நிறுத்துங்கள். இருக்கும் மணிக்குக் குறைகிற சாமானை மட்டும் வாங்கினால் போதும். மாதம் 7,000 வீதம் 14,000 கையில் நிற்கும். அதை வீட்டுக் கணக்கில் போடாமல் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில், வாடிக்கையாளர் பணமும் அதற்கே வருகிற மாதிரி வையுங்கள். உங்கள் சம்பளத்தை அதிலிருந்து மாதம் ஒரே தடவை எடுங்கள். சம்பளமா என்று கேட்காதீர்கள். ஒரு மாலைக்குக் கோப்பது, படம் எடுப்பது, பேக்கிங் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம், 60 ரூபாய் என்று வையுங்கள். சேதாரம் 5%, அதாவது 7 ரூபாய். உண்மையான அடக்கம் 209. நேரடியாக விற்றால் 141 லாபம்.

பொட்டிக்குக்கு 30% என்றால் 105 போய், உங்களுக்கு 36 தான். விற்ற பிறகுதான் பணம் என்றால் அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. 260க்கு ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். மறுத்தால், ஐந்து மாலைக்கு மேல் வைக்க வேண்டாம்.

அறுந்து வருவதை நீங்கள் கடைசியாக எழுதியிருக்கிறீர்கள், நான் முதலில் பார்த்தது அதைத்தான். போக வர கூரியர் 120, மறுபடி கோக்க அரை மணி நேரம் 30: ஒரு மாலை திரும்பினால் இன்னொரு மாலையின் லாபம் முழுதும் போயிற்று. பெரும்பாலும் லாக்கில்தான் தவறு நடக்கும். சாதாரணத் தட்டைக் குறடால் நசுக்கினால் லாக்கின் ஓரம் கத்தி மாதிரி ஆகி வயரை அறுக்கும். லாக்கை நசுக்குவதற்கென்றே உள்ள, இரண்டு பள்ளம் கொண்ட கிரிம்ப் குறடு வாங்குங்கள். முதலில் நடுவில் மேடு உள்ள பள்ளத்தில் வைத்து அழுத்தினால் இரண்டு வயரும் லாக்குக்குள் பிரிந்து நிற்கும். பிறகு உருண்டைப் பள்ளத்தில் திருப்பி வைத்து மடிக்க வேண்டும். வால் வயரை லாக் பக்கத்திலேயே வெட்டாமல் மூன்று, நான்கு மணிக்குள் திருப்பி விட்டு அங்கே வெட்டுங்கள். இழுத்துக் கட்டிய மாலையும் அறும். 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். அகேட் துளையின் விளிம்பு கூர்மையாக இருக்கும் என்பதால் கொக்கிப் பக்கம் முதல் மணியாக ஒரு சின்ன உலோக மணியைக் கோக்கலாம்.

உங்கள் விற்பனை ஆண்டுக்கு 1,68,000. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பனைக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் விதி வேறு. கைவினைப் பொருளுக்குச் சலுகை உண்டு, அதற்கு நிபந்தனையும் உண்டு. முதல் பார்சலுக்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

டப்பா காலியாகி, மாதம் 60 மாலைக்கு ஆர்டர் நிற்கிறது, கைப்பணம் போதவில்லை என்றால் அப்போது கடன் வாங்கலாம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவை அரசு இணையதளத்தில் ஆதாரை வைத்து இலவசமாகவே செய்யலாம். பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். அதைக் காட்டி வங்கியில், சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ராவில் சிசு கடன் கேளுங்கள். 50,000 வரை, ஈடு கிடையாது. அப்போதும் 20,000க்கு மேல் உங்களுக்குத் தேவைப்படாது.