ஆஸ்திரேலியாவில் வண்டி மோதி இறந்த கங்காருவின் பையில் குட்டி உயிரோடு இருந்தால் என்ன செய்வது?

தாய் செத்த பிறகும் குட்டி மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் நின்று பார்ப்பது வீண்போகாது. வண்டியைச் சாலையை விட்டு நன்றாக ஒதுக்கி, ஹஸார்ட் லைட்டைப் போட்டுவிட்டு இறங்குங்கள். தாய்க்கு உயிர் இருந்தால் கிட்டே போகாதீர்கள், பின்னங்கால் உதை ஆளைக் கிழித்துவிடும். மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள்: நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ் (1300 094 737), விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா (03 8400 7300).

பை பெண் கங்காருவுக்கு மட்டும்தான். பையின் வாய் தலைப்பக்கம் திறந்திருக்கும், வாம்பட் என்ற இன்னொரு பை விலங்குக்குப் பின்பக்கம்.

குட்டி காம்பைக் கவ்வியிருந்தால் இழுக்கவே கூடாது. நல்ல எண்ணத்தோடு வருகிறவர்கள் குட்டியைக் கொல்வது பெரும்பாலும் இங்கேதான். செங்கங்காரு கருவில் இருப்பது 33 நாள்தான், பிறக்கும்போது ஒரு கிராம்கூடத் தேறாது. மிச்ச வளர்ச்சி முழுக்கப் பையில் நடக்கிறது. காம்பின் நுனி குட்டியின் வாய்க்குள் உப்பிப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் வாயோரம் கிழியும், தாடை சேதமாகும். தாயோடு சேர்த்துக் கொண்டுபோவதே மேல். முடியாவிட்டால் காம்பைத் தாயின் உடலை ஒட்டி வெட்டுங்கள். வெளியே நிற்கும் முனையைக் குட்டியைச் சுற்றும் துணியோடு சேர்த்து ஊக்குக் குத்திவையுங்கள், இல்லாவிட்டால் குட்டி அதை விழுங்கிவிடும்.

பிறகு பருத்தித் தலையணை உறைக்குள் போட்டு உங்கள் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரோமம் முளைக்காத குட்டிக்கு 32 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், ரோமம் வந்ததற்கு 28 போதும். வெந்நீர் பாட்டில் வைத்தால் துணி சுற்றுங்கள். வண்டியில் ஓடும் பாட்டை நிறுத்துங்கள், தடவிக் கொடுக்காதீர்கள், வேடிக்கை காட்டாதீர்கள். கங்காரு பயத்திலேயே சாகும். தசை சிதைந்து சில நாள் கழித்துக்கூட உயிர் போகும்.

பசும்பால் கொடுக்கவே வேண்டாம். லாக்டோஸ் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும், கண்ணில் புரை விழும். கங்காருப் பால் குட்டியின் வயதோடு மாறிக்கொண்டே வரும். ஒரே தாய் ஒரு காம்பில் பச்சைக்குட்டிக்கும் இன்னொன்றில் வெளியே துள்ளித் திரியும் மூத்ததற்கும் வெவ்வேறு பால் சுரக்கும். எத்தனை அற்புதமான உடல்! அதனால் எந்தப் பால் என்பதைப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் முடிவு செய்யட்டும். உரிமமில்லாமல் வீட்டில் வளர்ப்பது சட்டவிரோதம்.

கிளம்பும் முன் உடலைச் சாலையை விட்டு இழுத்துப் போடுங்கள், தின்ன வரும் கழுகும் அடிபடும். பை காலியாக இருந்து ஒரு காம்பு மட்டும் நீண்டிருந்தால், மூத்த குட்டி அருகில் புதரில் எங்காவது நிற்கும். துரத்தாதீர்கள், இடத்தைத் துல்லியமாகக் குறித்து மீட்புக் குழுவிடம் சொல்லுங்கள்.