யாருக்கு எந்தக் கதவு?

கேள்வி: நான்கு தளங்கள் கொண்ட எங்கள் அலுவலகத்தின் கதவுகளுக்குச் சென்ற ஆண்டு கார்டு ரீடர் பொருத்தினோம். புதிதாக யார் சேர்ந்தாலும், அவருக்குத் திறக்க வேண்டிய கதவுகளை மென்பொருளில் ஒவ்வொன்றாகக் குறியிட்டுக் கொடுத்துவந்தேன். இப்போது 140 பேர் இருக்கிறார்கள். கணக்குப் பிரிவிலிருந்து மாற்றலாகி ஐந்து மாதமான ஒருவருக்கு இன்னும் பெட்டக அறை திறக்கிறது என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. எல்லா அனுமதிகளையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா?

பதில்: அழிக்க வேண்டாம். அழித்த மறுநாள் காலையில் வாசலில் நிற்கும் 140 பேரும் உங்களைத்தான் தேடுவார்கள். ஆளின் பெயரில் கொடுத்த அனுமதி, அவர் எந்தப் பிரிவுக்குப் போனாலும் கூடவே போகும். அதையே ‘கணக்குப் பிரிவு எழுத்தர்’ என்ற பணியின் பெயரில் கொடுத்து, ஆளை அந்தப் பணிக்குள் சேர்த்திருந்தால், மாற்றல் உத்தரவு வந்த அன்றே ஓர் இடத்தில் திருத்தியதும் பழைய கதவுகள் அனைத்தும் அவருக்கு அடைபட்டிருக்கும். கணினித் துறையில் இம்முறையை டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்டு குன் ஆகிய இருவரும் 1992ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் வரையறுத்தனர். இன்றைய கதவு மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில் இதற்கு வசதி உண்டு.

முதலில் பணிகளை ஒரு தாளில் எழுதுங்கள். பணிக்கு ஒன்றாக அனுமதித் தொகுப்புகளை அமையுங்கள்; உங்கள் அளவிலான அலுவலகத்துக்கு எட்டுப் பத்துத் தொகுப்புகள் போதும். முப்பதைத் தொட்டுவிட்டால், ஆள்களின் பெயர்களையே வேறு வேடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். பிறகு, இருப்பதிலேயே சிறிய பிரிவைப் புதிய தொகுப்புக்கு மாற்றி, அவர்களின் கார்டை வைத்துக் கதவுகளைச் சோதித்த பின்னரே பழைய தனிக் குறிகளை நீக்குங்கள். தவிர்க்க முடியாமல் ஒருவருக்குத் தனியாகக் கொடுக்க நேர்ந்தால், முடியும் தேதி போடாமல் கொடுக்காதீர்கள்.

ஒரு தொகுப்பு என்பது ‘எந்தக் கதவு, எந்த நேரம்’ என்ற இரண்டும் சேர்ந்தது. இடறல் பெரும்பாலும் நேரத்தில்தான் வரும். இரவு 10 முதல் காலை 6 வரையிலான ஷிப்டை ஒரே வரியில் ஏற்காத மென்பொருள்கள் பல. நள்ளிரவில் வெட்டி இரண்டாகப் பதிய வேண்டும். வெள்ளி இரவு வேலைக்கு வருபவருக்குச் சனிக்கிழமையின் முதல் ஆறு மணி நேரத்தையும் குறிக்காவிட்டால், தேநீருக்கு வெளியே போனவர் 12 மணிக்கு மேல் உள்ளே வர முடியாது. விடுமுறைப் பட்டியலும் இப்படித்தான்: அதில் ஒரு நாளைச் சேர்த்ததும் அன்றைய வழக்கமான நேரம் செல்லாமல் போகும் அமைப்புகள் உண்டு. காவலர் தொகுப்பில் ‘விடுமுறை நாள்’ என்பதையும் குறித்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதியை நீக்கியபின் திரையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். கதவைத் திறப்பதா என்று முடிவுசெய்வது பெரும்பாலும் அருகிலுள்ள கன்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி. அது தன்னிடமுள்ள நகலைப் பார்த்தே முடிவுசெய்யும். இணைப்பு அறுந்திருந்தால் நீங்கள் நீக்கியது அதற்குத் தெரியாது. அந்தக் கார்டையே ரீடரில் காட்டிப் பார்ப்பதுதான் சோதனை.

கேள்வி: வரவேற்பறைக் காவலருக்கும் எனக்கும் மென்பொருளில் ஒரே அட்மின் கணக்குதான் இருக்கிறது. இது தவறா?

பதில்: தவறுதான். கதவைத் திறக்கும் உரிமை வேறு, யாருக்குத் திறக்கும் என்பதை மாற்றும் உரிமை வேறு. காவலருக்கு நிகழ்வுகளைப் பார்க்கவும், பார்வையாளர் கார்டு வழங்கவும், தொலைந்த கார்டை முடக்கவும் முடிந்தால் போதும். ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்தினால், நாளை யாரோ ஒருவர் பெட்டக அறைக்கு அனுமதி கொடுத்ததாகப் பதிவில் தெரிந்தாலும், ‘அட்மின்’ என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆளுக்கொரு கணக்கு வையுங்கள். நிறுவியவர் விட்டுச்சென்ற பாஸ்வேர்டு இன்னும் அப்படியே இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். பணியிலிருந்து விலகியவரின் பெயரை அழிக்காமல், கார்டை மட்டும் முடக்குங்கள். சில மென்பொருள்களில் பெயரை அழித்தால், பழைய பதிவுகளில் வெறும் கார்டு எண்தான் மிஞ்சும்.